கம்பி நுழைந்த சுவர்

என் மருமகளுக்கு இடது கண் கிடையாது. அதைப் பறித்தவன் அவளைப் பெற்ற அப்பன்.

அவன் குடித்துவிட்டு அடிப்பவன் அல்ல, குடிக்காமலே அடிப்பவன். செங்கல் சூளையில் நெருப்புத் தள்ளுகிற வேலை. இவளுக்கு அப்போது ஒன்பது வயது. ஓடிப்பிடித்து விளையாடும்போது, இன்னும் சுடாமல் காயப் போட்டிருந்த பச்சைக் கல் ஒரு வரிசையை மிதித்துக் கெடுத்துவிட்டாள். அப்பன் நெருப்புத் தள்ளும் கம்பியோடு வருவதைப் பார்த்ததும், அடுக்கி வைத்திருந்த கற்களுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள்.

பச்சைக் கல்லை அடுக்கும்போது கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி விடுவார்கள். முன் வரிசை இடைவெளிக்கு நேர் பின்னால்தான் பின் வரிசை இடைவெளியும் இருக்கும். அப்போதுதான் காற்று இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போகும், கல் காயும். அப்பன் சுற்றி வரவில்லை. முன்னாலேயே நின்றுகொண்டு ஒவ்வொரு இடுக்கிலும் கம்பியை விட்டுக் குத்தினான். முதல் குத்து தோளுக்குப் பக்கத்தில் போனது. இரண்டாவது, மூன்றாவது எதிலும் படவில்லை. நான்காவது இடுக்கு வழியாக இவள், அப்பன் எங்கே நிற்கிறான் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காத்துக்கு விட்ட வழியில கம்பியும் வரும் அத்தை," என்று கல்யாணம் ஆன புதிதில் என்னிடம் சொன்னாள். அழவில்லை. "எனக்கு அழுகையும் பாதிதான் வரும். செலவு மிச்சம்," என்று சிரித்தாள்.

ஊரில் எல்லாரும் அவளை ஒத்தைக்கண்ணி என்றுதான் கூப்பிட்டார்கள். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள். கேலியாகக் கூப்பிட்டால் திரும்பி வந்து அடிப்பாள். தண்ணீர்க் குழாயடியில் ஒருத்தியின் முன்பல்லை உடைத்தாள். பஸ்ஸில் இடித்தவனின் காதைக் கடித்துத் துப்பினாள். அடி வாங்கி வளர்ந்த கைக்கு அடிக்க மட்டும்தான் தெரிந்திருந்தது.

அடுத்து என் மகனைச் சொல்ல வேண்டும். நான் பெற்றவன் என்பதற்காக மூடி மறைக்க மாட்டேன். அவன் பெல்ட்டால் அடிப்பான். பெல்ட் இல்லாத சமயம் கையில் கிடைத்ததால் அடிப்பான். நான்கு வருஷம் அந்த வீட்டில் அடி விழுந்தது. நான்கு வருஷமும் நான் அடுப்படியில் பாத்திரத்தைச் சத்தமாக உருட்டிக்கொண்டிருந்தேன். அந்தப் பாவம் என்னுடையது. அதையும் சேர்த்துச் சொன்னால்தான் இது அவள் கதை.

ஒரு நாள் மத்தியானம் சாப்பாட்டில் உப்பு இல்லையாம். "இன்னொரு கண்ணையும் எடுத்துடுவேன், பாத்துக்கோ," என்றான். என் பேத்தி அப்போது கைக்குழந்தை, தொட்டிலில் கிடந்தாள். மருமகள் எழுந்து போனாள், கல் உடைக்கும் சுத்தியலோடு வந்தாள், நிலைப்படியில் ஊன்றியிருந்த அவன் வலது கை மேல் போட்டாள். ஒரு தடவை இல்லை. விரல் எலும்பு முறிகிற சத்தம் சுள்ளி ஒடிக்கிற மாதிரி இருந்தது. மூன்றாவது அடி விழுவதற்குள் நான் போய்ப் பிடித்தேன். சுத்தியலைப் பிடுங்கினேன். பிடுங்கிய பிறகு யாரை வெளியே தள்ளுவது என்று ஒரு நிமிஷம் நின்றேன். அவன் துணிமணியை அள்ளித் தெருவில் வீசினேன். பெற்ற வயிறு எரியத்தான் செய்தது. எரியட்டும்.

அவன் கை உடைந்ததற்கு வழக்கு வந்தது. நீதிமன்றத்தில் எழுதி வாங்கினார்கள். மூன்று வருஷத்துக்குள் அவள் யார் மேலாவது கை வைத்தால் பிள்ளையைத் தகப்பனிடம் கொடுத்துவிட வேண்டும். அவ்வளவுதான். அவள் கையெழுத்துப் போட்டாள், நான் சாட்சிக்குக் கைநாட்டு வைத்தேன்.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரு பழக்கம் வந்தது. கோபம் ஏறினால் இரண்டு கையையும் அக்குளுக்குள் செருகிக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பாள். பார்ப்பவர்கள் குளிர் என்று நினைப்பார்கள்.

பிறகுதான் ஒரு கல் பட்டறையில் இரண்டு பேருக்கும் வேலை கிடைத்தது. ஊருக்கு வெளியே தகரக் கூரை போட்ட நீளக் கட்டடம். ஒரு பக்கம் கருங்கல்லைப் பொடியாக்குகிற மெஷின். அது ஓடினால் நெஞ்சுக்குள் இருக்கிற மூச்சும் சேர்ந்து ஆடும். நாங்கள் சேர்ந்த முதல் மாதமே ஒருத்தன் மூன்று விரலை அதற்குக் கொடுத்தான். இரண்டு விரல் சல்லடையில் கிடைத்தது, மூன்றாவது கடைசிவரை கிடைக்கவில்லை. அது ஏதோ ஒரு கல்லுக்குள் போய்விட்டது என்று பேசிக்கொண்டோம்.

கல் பொடியோடு பிளாஸ்டிக் குருணையைக் கலந்து, அச்சில் போட்டு, சூடாக்கி அழுத்துவார்கள். கறுப்பாக, ஒரு சாண் கனத்தில் கல் வெளியே வரும். மருமகள் அடுக்குகிறவள். நான் அச்சைக் கழுவுகிறவள். அச்சில் ஈர்க்குச்சிக் கனத்தில் ஓட்டைகள் உண்டு, ஆவி போவதற்கு. அவை அடைத்துக்கொண்டால் கை நீளக் குத்துக்கம்பியால் குத்திவிட வேண்டும். அது கைப்பழக்கம். படித்தவர்களுக்கு வராது.

இந்தக் கல் எதற்கு என்று முதலில் யாரும் சொல்லவில்லை. பிறகு, இந்தக் கல்லைச் செய்யச் சொன்ன ஆய்வகத்திலிருந்து ஒரு மேடம் வந்து எல்லாரையும் உட்கார வைத்துச் சொன்னார். வேறு கிரகத்துக்கு மனுஷர் போகப் போகிறார்களாம். அங்கே போய் மாதக்கணக்கில் தங்குவதற்கு இந்த மாதிரிக் கல்லில்தான் வீடு. அங்கிருக்கிற மண்ணையே எடுத்துக் கல்லாக்கி, மெஷின் கையே கட்டும். அதற்கு முன்னால் இங்கே கட்டிப் பார்க்கிறார்கள்.

"நம்ம தலைக்கு மேல காத்து இருக்கே, அது ஒரு கனமான போர்வை. அங்க போர்வை ரொம்ப மெல்லிசு. சூரியன்லேருந்தும் அதுக்கு அப்பாலேருந்தும் கதிர் வந்துகிட்டே இருக்கும். கண்ணுக்குத் தெரியாத குண்டு மாதிரி. உடம்புக்குள்ள பூந்து அந்தப் பக்கமா போயிடும். போற வழியில இருக்கிறதை எல்லாம் கிழிச்சுட்டுப் போகும்," என்றார் மேடம்.

"வலிக்குமா?" என்று மருமகள் கேட்டாள்.

"அப்போ வலிக்காது. பல வருஷம் கழிச்சுத் தெரியும். புத்துநோய் வரலாம். கண்ணுல புரை விழலாம்."

கண் என்றதும் மருமகள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "நின்னு அடிக்கிறவனா, ஓடி வந்து அடிக்கிறவனா?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள்.

மேடம் சிரிக்கவில்லை. "ரெண்டும். எப்பவும் கொஞ்சம் அடி விழும். சூரியன்ல புயல் எழும்பினா மொத்தமா விழும். அப்போ இந்தச் சுவருக்குப் பின்னால போய் ஒளிஞ்சுக்கணும்."

அன்று வீட்டுக்கு வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போது, "அப்போ அங்க போறவங்களும் கல்லுக்குப் பின்னாலதான் ஒளியணும், இல்ல அத்தை?" என்றாள்.

மூன்று மாதத்தில் கல் சேர்ந்தது. மெஷின் கை ஒன்றைக் கொண்டுவந்து கட்டடத்துக்குள்ளேயே சின்ன அறை கட்டினார்கள். காரை கிடையாது, தண்ணீரும் கிடையாது. அங்கே பகலில் சூட்டில் கல் உப்பும், இருட்டினால் குளிரில் சுருங்குமாம். அதனால் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் ஈர்க்குச்சிக் கனம் இடைவெளி விட்டார்கள். சுவருக்கு இரண்டு அடுக்கு. முன்னால் நின்று பார்த்தால் அவ்வளவு அழகு. கீழ்வரிசை இடுக்கின் மேல் மேல்வரிசைக் கல் உட்கார்ந்திருந்தது. எந்தக் கொத்தனார் பார்த்தாலும் குறை சொல்ல மாட்டார்.

மருமகள் முன்னால் நின்று பார்க்கவில்லை. இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தாள்.

"அத்தை, இங்க வாங்க. வெளிச்சம் தெரியுது."

நான் பார்த்தேன். மறுபக்கத்து விளக்கு நூல் மாதிரி தெரிந்தது. மெஷின் கைக்கு ஒரு அடுக்கு கட்டச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அது கட்டிவிட்டது. இரண்டாவது அடுக்கையும் கட்டு என்றதும், முதல் அடுக்கை அப்படியே பின்னால் நகல் எடுத்துவிட்டது. முன் இடுக்குக்கு நேராகப் பின் இடுக்கு. சூளையில் பச்சைக் கல் அடுக்குகிற அதே அடுக்கு.

மேஸ்திரியிடம் போனாள். அவன் கழுத்தில் கயிறு போட்டு விசிலைத் தொங்கவிட்டிருப்பான். மனுஷனைப் பெயர் சொல்லிக் கூப்பிட வராது, விசில்தான்.

"கருவி வெச்சு அளந்தாச்சு. கதிர் வரல," என்றான்.

"எங்க வெச்சு அளந்தீங்க?"

"சிவப்புப் புள்ளி போட்டிருக்கே, அங்க."

சிவப்புப் புள்ளி எல்லாம் கல்லின் நடுவில் இருந்தது. ஒன்றுகூட இடுக்கில் இல்லை.

"கல்லு நடுவுல எப்படிங்க வரும்? இடுக்குல வெச்சுப் பாருங்க."

"ரெண்டு கண்ணு இருக்கிற இஞ்சினியருக்குத் தெரியாதது உன் ஒத்தைக் கண்ணுக்குத் தெரிஞ்சுடுச்சா?"

"ரெண்டு கண்ணாலயும் இடுக்குல பாக்க முடியாதுங்க. ஒண்ணை மூடித்தான் ஆகணும். எனக்கு அந்த வேலை மிச்சம்."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அவன் அறைந்தான். புறங்கையால், விசில் கயிறு சுழல, கண் இல்லாத பக்கத்தில். அவளுக்கு அடி வருவது தெரியவில்லை. உதடு கிழிந்து ரத்தம் கறுப்புக் கல்லில் சொட்டியது. கை எழுந்தது. நான் அந்தக் கையையே பார்த்தேன். என் பேத்தி அந்தக் கைக்குள் இருந்தாள். எழுதிக் கொடுத்த மூன்று வருஷத்தில் இன்னும் ஐந்து மாதம் பாக்கி. எழுந்த கை அக்குளுக்குள் போனது. அவள் அப்படியே நடந்து போய் உடைந்த கல் குவியலை உதைத்து உதைத்துக் கால் பெருவிரல் நகத்தைப் பெயர்த்துக்கொண்டாள்.

மறுநாள் மேஸ்திரி ஆளை விட்டு இடுக்கின் வாயில் எல்லாம் பட்டி மாவு போட்டுப் பூசிவிட்டான். முன்னாலும் பூச்சு, பின்னாலும் பூச்சு. நடுவில் வெறும் ஓட்டை. இனி வெளிச்சம் தெரியாது. மேடத்தைப் பார்க்க ஆய்வகக் கட்டடத்துக்கு இரண்டு தடவை போனாள், வாசல்காரன் விடவில்லை. மூன்றாவது தடவை அவன் மேஸ்திரிக்குப் போன் போட்டுவிட்டான்.

"இன்னும் அஞ்சு மாசம். வாயை மூடிக்கிட்டு இருடி," என்றேன் நான்.

"அங்க போறவருக்கும் யாராச்சும் இப்படித்தான் சொல்லியிருப்பாங்க அத்தை, பத்திரமா உள்ள இருன்னு. நானும் பத்திரமாத்தான் உக்காந்திருந்தேன்."

இந்தத் தடவை பாத்திரத்தை உருட்டப் போக எனக்கு மனம் வரவில்லை.

பார்வையிட வரும் நாள் வந்தது. மேடம், பெரிய மனுஷர்கள் நான்கு பேர், அப்புறம் அந்தக் கிரகத்துக்குப் போகப் போகிறவரே வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லியான ஆள். கூச்சப்படுகிற சிரிப்பு. எங்களைப் பார்த்தும் கும்பிட்டார். மேஸ்திரி மருமகளைப் பின்பக்கம் கல் பெருக்கப் போகச் சொன்னான். "மேடம்!" என்று ஒரு தடவை கத்தினாள். கல் மெஷினை ஓட்டச் சொல்லி விசில் அடித்தான். அந்தச் சத்தத்தில் எந்தச் சொல் கேட்கும்?

அந்த மனுஷர் அறைக்குள் போனார். உள்ளே பலகைக் கட்டில் போட்டிருந்தார்கள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பார்த்தார். அங்கே போனால் அவர் தலை வைத்துத் தூங்கப் போகிற இடம் அது. வாசல் வழியாக எனக்குத் தெரிந்தது. சுவரின் வெளிப்பக்கம் மருமகள் நிற்பதும் தெரிந்தது. என் குத்துக்கம்பி அவள் கையில் இருந்தது.

நான் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். பேத்தியை நினைத்துக் கத்தியிருக்க வேண்டும். தொண்டை அடைத்துக்கொண்டது என்று பொய் சொல்ல மாட்டேன். கத்த வேண்டாம் என்று இருந்துவிட்டேன்.

கம்பி பட்டியைக் குத்திக்கொண்டு நுழைந்தது. மாவில் விரல் போகிற மாதிரி. இரண்டு சாண் சுவரையும் நேராகக் கடந்து, உள்பக்கப் பட்டியை உடைத்துக்கொண்டு வெளியே வந்தது. அவர் அந்தச் சமயம் பார்த்துத் தலையைத் திருப்பினார். கண்ணுக்குக் கீழே கன்னத்து எலும்பில் குத்திக் கிழித்தது. அவர் அலறினார். வெள்ளைச் சட்டையெல்லாம் ரத்தம்.

அப்புறம் நடந்தது அடிதான். காவல்காரர்கள் இரண்டு பேர் தடியோடு பாய்ந்தார்கள். மேஸ்திரி அவள் முடியைப் பிடித்து முகத்தை அந்தச் சுவரிலேயே மோதினான். பல் தெறித்ததைப் பார்த்தேன். இடுப்பில் உதைத்தார்கள், விலாவில் உதைத்தார்கள். அவள் கையை மட்டும் ஓங்கவில்லை. இரண்டு கையும் அக்குளில் இருந்தது. வாயில் ரத்தத்தோடு கத்தினாள்:

"கம்பி வந்துச்சுல்ல? அதுவும் வரும்! அதே வழியில வரும்!"

என் கையில் தண்ணீரோடு வாளி இருந்தது. இரும்பு வாளி. தடி ஓங்கினவன் மண்டையில் போட்டேன். அவன் உட்கார்ந்துவிட்டான். மேஸ்திரியின் முழங்காலில் இரண்டாவது போட்டேன். என்னிடம் எந்த நீதிமன்றமும் எதுவும் எழுதி வாங்கவில்லை.

"நிறுத்துங்க!" என்று கத்தியது அந்த மனுஷர். கன்னத்தைப் பொத்திக்கொண்டு அறையை விட்டு வெளியே வந்தார். சுவரில் நீட்டிக்கொண்டிருந்த கம்பியின் நுனியைத் தொட்டுப் பார்த்தார். சுற்றி வந்து மறுமுனையையும் தொட்டார். பிறகு கீழே கிடந்தவளைப் பார்த்து, "எத்தனை இடத்துல இப்படி இருக்கு?" என்றார்.

"எல்லா இடத்துலயும்," என்றாள்.

மேடம் கம்பியை வாங்கித் தானே குத்திப் பார்த்தார். நான்கு, ஐந்து, ஆறு. ஒவ்வொன்றிலும் நுழைந்தது. முகம் வெளுத்துப்போனது. "மாசக்கணக்குல இதே இடத்துல தலை வெச்சிருப்பாரு," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

நீதிமன்றத்தில் நீதிபதி அவளிடம் கேட்டார், உள்ளே ஆள் இருப்பது தெரியுமா என்று. தெரியாது என்று சொல்லச் சொல்லி வக்கீல் தலைகீழாக நின்றார்.

"தெரியும். ஆள் இல்லாம குத்தியிருந்தா மறுபடி பட்டி பூசியிருப்பாங்க," என்றாள்.

கன்னத்தில் தையல் போட்ட மனுஷர் வந்து, தனக்குப் புகார் இல்லை என்று சொன்னார். மேஸ்திரி அறைந்ததை யாரும் எழுதவில்லை. காவல்காரன் மண்டை உடைந்ததற்கு என்னை எச்சரித்து விட்டார்கள், வயசைப் பார்த்தார்களாம். அவளுக்கு மூன்று மாதம் சிறை.

என் மகன் துவைத்த சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தான். கோணிப்போன விரல்களை நீதிபதி பார்க்கிற மாதிரி முன்னால் வைத்துக்கொண்டு பிள்ளையைக் கேட்டான். எழுதிக் கொடுத்தபடி பார்த்தால் அவனுக்குத்தான் போக வேண்டும். நீதிபதி என்னைக் கூப்பிட்டார்.

"இவன் நான் பெத்த பிள்ளைங்க. நாலு வருஷம் இவன் அடிச்சதை நான் கேட்டுக்கிட்டு இருந்தேன். இன்னொரு கண்ணையும் எடுத்துடுவேன்னு இவன் சொன்னதையும் கேட்டேன். அன்னைக்கு அதை இங்க வந்து சொல்லலை. இப்போ சொல்றேன்," என்றேன்.

"அம்மா!" என்றான் மகன்.

"அம்மாதான்டா. அதனாலதான் தெரியும்."

பிள்ளை என்னிடம் இருக்கட்டும், தாய் வெளியே வந்த பிறகு மறுபடி பார்க்கலாம் என்று எழுதினார்கள். மகன் போகும்போது என் காலடியில் துப்பிவிட்டுப் போனான். நான் செருப்பால் தேய்த்துவிட்டு வந்தேன்.

பட்டறையில் என்னை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். பத்தாம் நாள் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். அச்சு ஓட்டையெல்லாம் அடைத்துக்கொண்டதாம், குத்தத் தெரிந்தவர் யாருமில்லையாம். "குத்தினதுக்குத்தானே அவளை உள்ள போட்டீங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் போனேன். மேஸ்திரி நொண்டிக்கொண்டு அங்கேதான் இருந்தான். விசில் மட்டும் இல்லை.

சுவரைப் பிரித்துத் திரும்பக் கட்டியிருந்தார்கள். பின் அடுக்கைக் கால் கல் தள்ளியும், அரைக் கல் உயர்த்தியும் வைத்திருந்தார்கள். பட்டி பூசவில்லை. மேடம் பக்கத்தில் நின்றார். நான் யாரையும் கேட்கவில்லை. குத்துக்கம்பியை எடுத்து முதல் இடுக்கில் விட்டேன். ஒரு சாண் போய் 'டக்' என்று நின்றது. அடுத்ததில் விட்டேன். டக். எல்லாவற்றிலும் விட்டேன். அதற்கு ஒரு நாள் பூராவும் ஆனது. சாப்பாட்டுக்கும் போகவில்லை.

அந்த வாரம் சிறைக்குப் பார்க்கப் போனேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அவள் நின்றாள். மேல்வரிசையில் மூன்று பல் இல்லை, விலாவில் கட்டுப் போட்டிருந்தது. பிள்ளை யாரிடம் என்று முதலில் கேட்டாள். என்னிடம் என்றேன். வலையில் நெற்றியை முட்டிக்கொண்டாள். வலது கண்ணிலிருந்து மட்டும் வழிந்தது.

பிறகு துடைத்துக்கொண்டு, "கம்பி?" என்றாள்.

"ஒரு சாணுல நின்னுடுச்சு."

"எல்லா இடுக்குலயும் விட்டுப் பாத்தீங்களா? ரெண்டு மூணுல விட்டுட்டு வந்து கதை விடாதீங்க."

"எல்லாத்துலயும்தான்டி."

"எத்தனை?"

எனக்கு நூறுக்கு மேல் எண்ணத் தெரியாது என்பது அவளுக்குத் தெரியும். அதனால் ஒவ்வொரு இடுக்குக்கும் ஒரு சின்னக் கல்லைப் போட்டுக்கொண்டே வந்திருந்தேன்.

"ஒரு வாளி," என்றேன். "தலை தட்ட ஒரு வாளி."

"எந்த வாளி?"

"அதேதான். அடியில கொஞ்சம் நசுங்கியிருக்கு."

பல் இல்லாத வாயைக் கையால் மறைத்துக்கொண்டு சிரித்தாள். விலா வலித்திருக்கும், அந்தக் கையையே இறக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.